ரேங்க் ஏறுது சரி, ஏலக்காய் விக்குதா?

சைடு இன்கம் வீடியோவில் நேரம் இல்லாமல் விட்டுப்போன ஒரு விஷயத்தை இங்கே சொல்லிடறேன்.

போடிநாயக்கனூர் தம்பி ஒருத்தர். சென்னையில் ஐடி வேலை, மாசம் 38,000 சம்பளம். போடிமெட்டுக்கு மேலே வீட்டுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கு. அந்தக் காயை நேரடியா விக்கலாம்னு ஒரு வெப்சைட் போட்டார். உடனே ஒரு ஏஜென்சி வந்து, "உங்க சைட் ரேங்க் 60 லட்சத்துல கிடக்கு, மூணு மாசத்துல 5 லட்சத்துக்குள்ள கொண்டுவர்றோம், மாசம் 6,000 மட்டும்"னு சொல்லியிருக்கு. "கட்டலாமா அண்ணே?"ன்னு கேட்டார். வேண்டாம்னு சொன்னேன்.

இந்த ரேங்க் எப்படி வருதுன்னு பாருங்க. ஒரு காலத்தில் எல்லாரும் காட்டியது அலெக்ஸா ரேங்க். 1996-ல் தொடங்கிய கம்பெனி, 1999-ல் அமேசான் வாங்கியது. அதோட டூல்பார் போட்டிருந்தவங்க எந்த சைட்டுக்குப் போறாங்கன்னு பார்த்துத்தான் பெரும்பாலும் கணக்கு. அதனால சைட் ஓனரே டூல்பார் போட்டு, நண்பர்களையும் போடச் சொன்னா ரேங்க் ஏறும்! ஒரு லட்சத்துக்குக் கீழே உள்ள ரேங்கை ரொம்ப நம்பாதீங்கன்னு அவங்களே சொன்னாங்க. 2022 மே 1-ஆம் தேதி அதையும் மூடிட்டாங்க. இப்போ சிமிலர்வெப், செம்ரஷ் எல்லாம் இருக்கு. இவை காட்டுவதும் மதிப்பீடுதான். சின்ன சைட்டுக்கு அது பாதி ஊகம். ஆளே இல்லாத பாட் டிராஃபிக்கைக் காசுக்கு வாங்கி விடுறவங்களும் உண்டு.

போடிக்காரங்களுக்கு இது சுலபமா புரியும். போடியிலும் புத்தடியிலும் ஸ்பைசஸ் போர்டு மின்னணு ஏலம் நடக்குது. வரத்து எவ்வளவு, விற்றது எவ்வளவு, உச்ச விலை, சராசரி விலை எல்லாம் வெளியாகும். 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது தலைப்புச் செய்தி. ஆனா தோட்டக்காரர் கணக்குப் போடுறது சராசரியை வச்சுத்தான். அந்த 7,000 கூட யாரோ ஒருத்தர் நிஜமா கொடுத்த விலை. ரேங்குக்கு அந்த மரியாதையும் கிடையாது.

தம்பியோட கணக்குக்கு வருவோம். மூணு மாசத்துக்கு 18,000. 100 கிராம் பாக்கெட்டுக்கு 60 ரூபாய் லாபம்னு வச்சா, 300 பாக்கெட் கூடுதலா வித்தாத்தான் ஏஜென்சிக்குக் கொடுத்ததே திரும்பி வரும். ரேங்க் ஏறினா 300 பாக்கெட் விக்கும்னு அந்த ஏஜென்சி எழுதித் தருமா?

அதுக்குப் பதிலா கூகுள் சர்ச் கன்சோலைத் திறங்க. இலவசம். கூகுளில் எந்த வார்த்தை போட்டப்போ உங்க சைட் தெரிஞ்சது, எத்தனை பேர் கிளிக் பண்ணாங்கன்னு உங்க சைட்டோட சொந்தக் கணக்கே இருக்கும். "8 எம்எம் ஏலக்காய் விலை"ன்னு தேடி வர்றாங்கன்னா, அந்தப் பக்கத்தில் விலையைப் போடுங்க. நிறைய பேர் விலையே போடுறதில்லை, அது வேற கதை.

ரேங்க் டூலே வேண்டாம்னு சொல்லலை. பெரிய போட்டியாளருக்கு ஆள் எங்கிருந்து வர்றாங்கன்னு தோராயமா பார்க்க உதவும். அதுக்கு இலவச வெர்ஷனே போதும்.

தம்பி பணம் கட்டலை. தீபாவளிக்கு ஆபீஸில் 14 பேர் வாங்கினாங்க, அதுல மூணு பேர் மறுபடியும் கேட்டிருக்காங்க. வெப்சைட்டில் இதுவரைக்கும் ரெண்டே ஆர்டர்.