குவளை 18; தண்டம் 2,50,000!

பாண்டியன் அவையிலே நடந்த கொடுமையைப் பேசாத மேடை தமிழகத்தில் இல்லை. சிலம்பு திருடியவன் இவனே என்றான் பொற்கொல்லன். கேட்டான் மன்னன், மறுபக்கம் கேட்டானில்லை. ஆணை பிறந்தது, கோவலன் வெட்டுண்டு வீழ்ந்தான். ஆயினும் தோழர்களே, அந்த மதுரையிலும் அரண்மனைக்கு ஒரு வாயில் இருந்தது. வாயிலிலே காவலன் இருந்தான். கண்ணகி வந்து நிற்பதை உள்ளே சென்று உரைத்தான். அமெரிக்காவின் சிகாகோ நகரத்துக் கூட்டாட்சி நீதிமன்றத்திலே சில ஆண்டுகளாகத் தொடுக்கப்பட்டுவரும் ஒருவகை வழக்கிலே, அந்த வாயிற்காவலனுங்கூட இல்லை.

ஃபுளோரிடா மாநிலத்திலே ஒரு பெண்மணி. இதய நோயாளி. லூக் கோம்ப்ஸ் என்ற புகழ்மிக்க பாடகரிடம் பற்றுக்கொண்டவர். அவர் படம் பொறித்த குவளைகளைச் செய்து, அமேசான் இணைய அங்காடியில் விற்றார். விற்றவை 18. கிடைத்தது 380 டாலர். பாடகரிடம் அனுமதி பெற்றாரா என்றால், இல்லை. தவறுதான், மறைப்பானேன்? 'நிறுத்து' என்று ஓர் ஓலை வந்திருந்தால் அன்றே நிறுத்தியிருக்கக்கூடிய தவறு. வந்ததோ வழக்கு! அதுவும் ஏறத்தாழ ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து, மின்னஞ்சலில். வேண்டாத கடிதங்கள் குவியும் குப்பைப் பெட்டியிலே அதுவும் ஒரு குப்பையாகக் கிடந்தது. 2023-ஆம் ஆண்டின் இறுதியில், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர் கண்டது என்ன? அமேசான் கணக்கிலிருந்த 5,500 டாலர் முடக்கப்பட்டுவிட்டது. செலுத்த வேண்டிய தண்டம் 2,50,000 டாலர்! குவளை ஒன்றுக்கு ஏறத்தாழ 13,900 டாலர். பொன்னால் செய்தாலும் அந்த விலை போகுமா என்பதைப் பொன் வணிகர்தாம் சொல்ல வேண்டும்.

எப்படி நடக்கிறது இது? வணிகச் சின்னத்துக்கோ பதிப்புரிமைக்கோ சொந்தக்காரர் மனுப் போடுகிறார். பிரதிவாதிகளின் பெயர் மனுவிலே இராது. 'அட்டவணை ஏ' எனும் தனித்தாளிலே இருக்கும். ஒருவர் இருவரல்லர், பல வழக்குகளில் நூற்றுக்கணக்கானோர். ஒருவரை ஒருவர் கண்டும் கேட்டும் அறியாதவர். அத்தனை பேரையும் ஒரே கயிற்றிலே கட்டி இழுக்க வாதி கட்டும் நீதிமன்றக் கட்டணம் சுமார் 400 டாலர், அதுவும் ஒரே ஒருமுறை. அட்டவணை முத்திரையிட்டு மூடப்படுகிறது. எதிர்த்தரப்பு அறியாமலே தற்காலிகத் தடையாணை பிறக்கிறது. அமேசானுக்கும், ஈபேக்கும், பேபாலுக்கும் பறக்கிறது. தம் தலைமேலும் பொறுப்பு விழுமோ என அஞ்சும் அந்தப் பெருநிறுவனங்கள் உடனே கடையைப் பூட்டுகின்றன, பணத்தை முடக்குகின்றன. தன்மேல் வழக்கு ஒன்று உண்டு என்பதைக் கடைக்காரர் பெரும்பாலும் அப்போதுதான் அறிகிறார். நாடகம் எழுதுபவன் நான். ஒரே பாத்திரம் பேசிக்கொண்டேயிருந்தால் கொட்டகையில் பாதிப்பேர் எழுந்துபோய்விடுவர். அங்கோ, அதைக் கேட்டுவிட்டுத் தீர்ப்பே எழுதிவிடுகிறார்கள்!

அடுத்து வருகிறது பேரம். "இவ்வளவு கொடு, ராஜி செய்துகொள்வோம், கணக்கைத் திறந்துவிடச் சொல்கிறோம்." எதிர்த்து வழக்காடலாமே என்பீர்கள். சிகாகோவிலே வழக்கறிஞரை அமர்த்த ஆகும் செலவு, முடங்கிய பணத்தையே விழுங்கிவிடும். வராதவர்மீது ஒருதலைத் தீர்ப்பு. போலிச் சின்னம் என்றாகிவிட்டால், மெய்யாக நேர்ந்த இழப்பைக் காட்டவேண்டிய தொல்லைகூட வாதிக்கு இல்லை: சின்னம் ஒன்றுக்கு, பொருள்வகை ஒன்றுக்கு, 1,000 முதல் 2,00,000 டாலர் வரை விதிக்க அந்நாட்டுச் சட்டம் இடந்தருகிறது, தெரிந்தே செய்ததென்றால் 20,00,000 வரை. எரிக் கோல்ட்மன் என்ற சட்டப் பேராசிரியர் 2023-இல் இம்முறையை ஆராய்ந்து கட்டுரை தீட்டினார். அவர் அதற்கு இட்ட பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால், ஆங்கிலத்தில் 'சோகம்' என்று பொருள்!

போலிக்குப் பரிந்து பேசுகிறாயோ என்பார்கள் சிலர். இல்லை. போலி மருந்து உயிரைக் குடிக்கும். அதை விற்பவனைப் பிடிக்கத்தான் வேண்டும். அவன் முன்கூட்டி அறிந்தால் பணத்தோடு மறைந்துவிடுவான் என்ற வாதத்திலும் உண்மை உண்டு. என் நாடகத்தை எவனாவது திருடி மேடையேற்றினால் நானும் நீதிமன்றம் செல்பவனே. ஆனால் அவன் கூண்டில் நின்று 'நான் அல்லேன்' என்று சொல்லும் உரிமையை நான் எப்படிப் பறிப்பேன்? கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான், சட்டம் படித்தவனல்லன். இதை அறிய அந்தப் படிப்பு வேண்டுமோ?

பாடகர் நல்லவர். செய்தி அறிந்ததும் பதைத்தார். பெரிய நிறுவனங்களைத்தான் குறிவைத்ததாக எண்ணியிருந்தேன் என்றார். முடங்கிய தொகையின் இருமடங்கு, 11,000 டாலர், அந்தப் பெண்மணிக்குத் தருவதாக அறிவித்தார். வாழ்த்துவோம். ஆனால் செய்தித்தாளில் இடம்பெறாத அட்டவணைக்காரர்களுக்கு எந்தப் பாடகர் வருவார்?

2025 ஆகஸ்டில் ஒரு திருப்பம். இங்கிலாந்திலே பிறந்து நம் திருவொற்றியூரிலே வளர்ந்த ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளின் உரிமையாளரான ஐஷர் மோட்டார்ஸ் நிறுவனம், அதே சிகாகோவில், அதே அட்டவணை முறையில் வழக்குத் தொடுத்திருந்தது. நீதிபதி ஜான் நெஸ் அந்த வழக்கிலே, இம்முறை இன்றைய வடிவில் இனியும் நீடிக்கக்கூடாது என எழுதினார். அவருடைய எழுத்து அடுத்த அறையிலுள்ள நீதிபதியைக் கட்டுப்படுத்தாது என்பது வேறு செய்தி.

அந்த நிறுவனத்தின் தாயகமான இந்நாட்டிலும் ஒருதலைத் தடையாணைகள் உண்டு, பெருமை பேசுவதற்கில்லை. ஆயினும் மிரட்டல் ஓலைக்கு மாற்று ஒன்று இங்கே சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஆதாரமின்றி மிரட்டப்பட்டவர், தாமே வாதியாகி, மிரட்டலுக்குத் தடையும் இழப்பீடும் கேட்கலாம்: பதிப்புரிமை என்றால் 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு, வணிகச் சின்னம் என்றால் 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 142-ஆம் பிரிவு. ஓலை விடுத்தவர் தாமதமின்றி வழக்கே தொடுத்துவிட்டால் இவ்வழி அடைபடும். இணையத்தில் துணியும் பொம்மையும் விற்கும் தோழர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். மிரட்டல் ஓலை வந்ததென்று அவர்கள் கைபிசைந்து நின்றால், கேட்ட பணத்தைக் கட்டுவதற்குமுன் வழக்கறிஞரிடம் அழைத்துச் செல்லுங்கள். இந்த இரு எண்களையும் எழுதிக் கையில் கொடுத்தனுப்புங்கள்.