பணம் எங்கே வக்கீல் சார்?

கேஸ் ஜெயிச்சாச்சு. நஷ்டஈட்டை அரசு கோர்ட்டில் கட்டியாச்சு. ஆனால் கட்சிக்காரர் கைக்கு ஒரு பைசா வரவில்லை!

வடநாட்டில் நடந்தது இது. எழுதப் படிக்கத் தெரியாத ஏழை முதியவர். அவர் நிலத்துக்கு வந்த நஷ்டஈடு ரூ.8,118. 1987-ல் அந்தப் பணத்தை வக்கீலே எடுத்துக்கொண்டார். கிழவருக்குத் தகவல்கூட இல்லை. புகார் போனதும், சமாதானமாகிவிட்டதாகக் கிழவர் பெயரிலேயே ஒரு பிரமாணப் பத்திரம் முளைத்தது. அதுவும் பொய்!

அகில இந்திய பார் கவுன்சில் 3 ஆண்டு தொழில் தடை போட்டது. அதை எதிர்த்து வக்கீல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 2002-ல் நீதிபதிகள் பதிவேட்டிலிருந்து பெயரையே அடித்துவிட்டார்கள். சரியான அடி.

அது சரி, பணம்? 1961-ம் ஆண்டு வக்கீல்கள் சட்டம், 35-வது பிரிவில் உள்ள தண்டனைகள் கண்டிப்பு, தற்காலிகத் தடை, பெயர் நீக்கம். சுருட்டியதைத் திருப்பிக் கொடு என்பது அந்தப் பட்டியலில் இல்லை. அதற்குத் தனி வழக்குப் போடவேண்டும். போட இன்னொரு வக்கீலைப் பிடிக்கவேண்டும்!

கட்சிக்காரர் பணத்துக்குக் கணக்கு வைக்கவேண்டும், பணம் வந்தால் உடனே சொல்லவேண்டும் என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது. பெரும்பாலான வக்கீல்கள் ஒழுங்காகத்தான் நடக்கிறார்கள். சிலர் செய்வதால் எல்லார் கறுப்புக் கோட்டிலும் கறை.

வட்டியோடு திருப்பிக் கொடுக்க உத்தரவிடும் அதிகாரத்தையும் 35-வது பிரிவில் சேர்க்கவேண்டும். அதுவரை, கோர்ட்டுப் பணம் நேரே கட்சிக்காரரின் பாங்கிக் கணக்குக்கே போகட்டும்.