சைடு வெப்சைட்டுக்குத் தனியா டேட்டாபேஸ் வாடகை எதுக்கு?

மாசா மாசம் கார்டு ஸ்டேட்மென்ட் பார்க்கிற பழக்கம் எனக்கு முன்னாடி கிடையாது. இருந்திருந்தா ஏழு மாசம் ஏமாந்திருக்க மாட்டேன்.

சின்னதா ஒரு வேர்ட்பிரஸ் சைட் ஆரம்பிச்சப்போ, நாளைக்குக் கூட்டம் வந்தா தாங்கணுமேன்னு கிளவுட்ல தனியா ஒரு டேட்டாபேஸ் எடுத்தேன். இலவசக் காலம் முடிஞ்சதைக் கவனிக்கலை. மாசம் 1,500 ரூபாய்க்கு மேல, அதுவும் டாலர் பில். போதாததுக்கு கார்டோட ஃபாரெக்ஸ் மார்க்அப் வேற. மொத்தம் பத்தாயிரத்தைத் தாண்டிடுச்சு. சைட்டுக்கு வந்த கூட்டம்? ஒரு நாளைக்கு நாற்பது பேர், அதுல பாதி நானே!

விஷயம் என்னன்னா, நான் ஏற்கெனவே காசு கட்டியிருந்த ஷேர்டு ஹோஸ்டிங்லயே மைஎஸ்க்யூஎல் இருந்துச்சு. சில இடத்துல மரியாடிபி இருக்கும். மைஎஸ்க்யூஎல்லை உருவாக்கினவரே 2009-ல பிரிச்சுக் கொண்டுவந்தது அது. வேர்ட்பிரஸுக்கு ரெண்டுமே ஓகே. "போஸ்ட்கிரெஸ்தான் கெத்து"ன்னு ஆபீஸ் நண்பர் சொல்வார். நல்ல டேட்டாபேஸ்தான், ஆனா வேர்ட்பிரஸ் அதுல நேரடியா ஓடாது. நாலே பக்கம் இருக்கிற அறிமுக சைட்னா டேட்டாபேஸே தேவையில்லை.

செட்டப் பத்து நிமிஷ வேலை. சிபேனல்ல டேட்டாபேஸ் ஒண்ணு, யூசர் ஒண்ணு உருவாக்கி, அந்த யூசருக்கு அனுமதி கொடுக்கணும். பலர் மறக்கிறது இந்த அனுமதியைத்தான். இன்னொண்ணு, நீங்க வைக்கிற பேருக்கு முன்னாடி உங்க அக்கவுன்ட் பேரையும் சிபேனல் வழக்கமா சேர்த்துடும். அந்த முழுப் பேரைக் கொடுக்கலைன்னா கனெக்‌ஷன் எரர்தான் வரும். ஹோஸ்ட் பெரும்பாலும் லோக்கல்ஹோஸ்ட். எழுத்து வகைக்கு யுடிஎஃப்8எம்பி4 தேர்ந்தெடுங்க. தமிழும் இமோஜியும் உடையாது.

மிச்சமாகிற காசுல பேக்கப்பைக் கவனிங்க. மாசம் ஒரு தடவை பிஹெச்பிமைஅட்மின்ல எக்ஸ்போர்ட் கொடுத்து எஸ்க்யூஎல் ஃபைலை உங்க லேப்டாப்புக்கு இறக்குங்க. அதே சர்வர்ல வச்ச பேக்கப், சர்வர் போனா கூடவே போயிடும். படங்கள் டேட்டாபேஸுக்குள்ள இருக்காது, அப்லோட்ஸ் ஃபோல்டரைத் தனியா எடுக்கணும்.

தினமும் ஆர்டர் வர்ற ஆன்லைன் கடைன்னா கதை வேற. அங்கே மாசம் ஒரு பேக்கப் பத்தாது, காசு கொடுத்து நல்ல சேவை எடுக்கலாம். அந்தக் காசைக் கடையே சம்பாதிக்கட்டும், உங்க சம்பளத்துல கை வைக்காதீங்க.

எக்ஸ்போர்ட் பண்றதை அடுத்த வீடியோல ஸ்கிரீன்லயே காட்டுறேன். அதுக்குள்ள உங்க கார்டுல என்னென்ன ஆட்டோ டெபிட் ஓடுதுன்னு ஒரு தடவை பார்த்துடுங்க.