புரதச் சுருளில் அண்டை எது?

நம் மாணாக்கரிற் சிலர் புரதச் சுருளொன்றின் அமினோ அமிலங்களுள் எது எதனைத் தொடுகின்றதெனக் கணிப்பொறியாற் கணக்கெடுத்து, நீண்ட அட்டவணை வகுத்து மகிழ்கின்றனர். ஆல்பாக் கார்பன்கள் 8 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருப்பின் தொடர்பு உண்டென்பது அவர்தம் விதி. சுருளைப் பொறுத்தவரை இவ்விதியை யாம் ஒப்புகிலோம்.

பாலிங் 1948-இல் ஆக்ஸ்போர்டில் சளிபிடித்துப் படுத்திருந்தபோது, காகிதத்திற் சங்கிலியை வரைந்து மடித்தே ஆல்பாச் சுருளைக் கண்டார். மாணாக்கரும் அங்ஙனம் மடித்துப் பார்ப்பாராயின் ஒரு விந்தை புலனாகும். சுற்றொன்றுக்கு 3.6 அமிலங்கள், ஒவ்வொன்றும் 1.5 ஆங்ஸ்ட்ராம் ஏறும். ஆதலின் ஓர் அமிலத்துக்கு அடுத்த இரண்டாவது ஏறக்குறைய 5.4 ஆங்ஸ்ட்ராம் தூரத்தில் நிற்க, மூன்றாவதோ 5 ஆங்ஸ்ட்ராமில் நிற்கின்றது! வரிசையிற் பிந்தியது இடத்தில் நெருங்கியதாயிற்று. நான்காவதும் 6.2 ஆங்ஸ்ட்ராமே. எனவே 8 என்னும் எல்லை எந்த ஆல்பாச் சுருளிலும் அடுத்த நான்கையும் தவறாது பிடிக்கும். 'இது சுருள்' என்பதன்றி அவ்வட்டவணை வேறென்ன உரைத்தது? அது முன்னரே தெரிந்த செய்தியன்றோ!

அளக்கத்தக்கவை பக்கக் கிளைகளின் அணுக்களே. எதிர்மின்னுடைய குளூட்டாமிக் அமிலத்தையும் நேர்மின்னுடைய லைசீனையும் நான்கிடம் தள்ளிவைத்து, சிறு சுருள்களை மார்க்கூசியும் பால்ட்வினும் 1987-இல் ஆராய்ந்தனர். குளூட்டாமிக் அமிலம் முன்னும் லைசீன் பின்னும் நின்றபோது சுருள் நன்கு உறுதிப்பட்டது. முறை மாறியபோது அவ்வுறுதி குறைந்தது. 8 ஆங்ஸ்ட்ராம் அட்டவணையிலோ இவ்விரண்டுக்கும் ஒரே புள்ளிதான்.