தாய்ச்செடியைப் பாருங்கள்

காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்துக்கு வேலி போட யாரும் விதை தேடிப் போவதில்லை. கிளுவைப் போத்துகளை வெட்டி வரிசையாக ஊன்றுவார்கள். அவை துளிர்த்து, முள்ளும் கிளையும் பின்னி, மாடு தாண்டாத வேலியாகிவிடும். அப்படிப்பட்ட ஊரில், தோட்டத்தில் மல்லிகை வைக்கிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம், "வேர் பிடிக்கறதுக்குப் பவுடர் ஏதாச்சும் போடோணுங்களா?" என்பதுதான்.

போடலாம், தப்பில்லை. எந்தச் செடியில் வெட்டினீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். குண்டுமல்லி நம்மிடம் விதை பிடிப்பது அபூர்வம். பதியமும் குச்சியும்தான் வழி. தாய்ச்செடி சோம்பேறி என்றால் புதுச்செடியும் அப்படியே. நோயும் கூடவே வரும்.

இதைக் கரும்பில் பெரிய அளவில் பார்த்துவிட்டோம். கோவையில் கரும்பு நன்றாகப் பூத்து விதை பிடிக்கும். அதனால்தான் 1912-இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் இங்கே வந்தது. அந்த நிலையத்தின் விஞ்ஞானிகள் பார்பரும் வெங்கட்ராமனும் காட்டுக் கரும்பைக் கலந்து உருவாக்கிய கோ 205 ரகம், 1918-இல் வட இந்திய வயல்களுக்குப் போனது. ரகம் பிறப்பது விதையில், பரவுவதோ வெட்டி நடும் கரணையில். பின்னாளில் கோ 0238 உத்தரப் பிரதேசத்தின் பெரும்பகுதியைப் பிடித்தது. எங்கும் ஒரே கரும்பு. செவ்வழுகல் புகுந்தபோது, கரணை வழியே அந்த நோயும் வயல் வயலாகப் போனது.

வீட்டு மல்லிகைக்கு என் ஓட்டு பதியத்துக்குத்தான். தரையை ஒட்டிய முற்றிய கிளையில், ஒரு கணுவுக்குக் கீழே சாய்வாகக் கீறுங்கள். பாதிக்கு மேல் வேண்டாம். வாய் மூடாமல் சிறு கல்லைச் செருகி, அந்த இடத்தை மண்ணில் புதைத்து, மேலே ஓட்டுத் துண்டு ஒன்றை வையுங்கள். நுனி வெளியே இருக்கட்டும். அடிக்கட்டை வழியே தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும். இலை சமைத்தனுப்பும் சத்து கீறலில் தேங்கி அங்கே வேராகும். மூன்று நான்கு மாதத்தில் பிரித்து நடலாம்.

வெட்டிய குச்சிக்கு அந்தத் தண்ணீர் வசதி கிடையாது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது நட்டால் காய்ந்து சருகாகும். புரட்டாசி, ஐப்பசி ஈரத்துக்குக் காத்திருங்கள். பென்சில் கனத்தில், இரண்டு மூன்று கணுவோடு, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு நடுங்கள். அடிப்பக்கத்தைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டிக்கொண்டால் தலைகீழாக ஊன்றும் ஆபத்து இல்லை.

பங்குனி, சித்திரையில் குண்டுமல்லி கொட்டிப் பூக்கும்போதே, தெருவில் எந்தச் செடி அதிகம் பூக்கிறது என்று பார்த்து, உடையவரிடம் சொல்லி ஒரு துணிக்கயிறு கட்டிவிடுங்கள். ஐப்பசியில் எல்லாச் செடியும் பச்சையாக ஒன்றுபோலத்தான் நிற்கும்.