நாள்தோறும் ஆங்கிலம்: ‘ஆஃப்’ என்னும் சிறு சொல்

தமிழில் கைவிடுதல் என்பது கையைக் கீழே விடுவதன்று. கைகொடுத்தல் என்பது கையைக் கழற்றிக் கொடுப்பதுமன்று. பிரித்துப் பொருள் தேடாமல் முழுச் சொல்லாகவே இவற்றை நாம் பழகிக்கொண்டோம். ஆங்கிலக் கூட்டு வினைகளையும் அவ்வாறே பழகுதல் வேண்டும். இத்திங்கள், ‘ஆஃப்’ என்னும் சிறு சொல் ஒட்டிவரும் மூன்று வினைகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது ‘புட் ஆஃப்’. பிறிதொரு நாளுக்குத் தள்ளிவைத்தல் என்பது பொருள். ‘தி இன்டர்வியூ இஸ் புட் ஆஃப் டில் மண்டே’ என்றால், நேர்முகத் தேர்வு திங்கட்கிழமைக்குத் தள்ளிவைக்கப்பட்டது எனக் கொள்க. இரண்டாவது ‘கால் ஆஃப்’. இது அடியோடு ரத்துச் செய்தல். முன்னதைக் கேட்டவர் திங்களன்று மீண்டும் செல்லவேண்டும். பின்னதைக் கேட்டவர் வேறிடம் பார்க்கவேண்டும். இரண்டையும் ஒன்றெனக் கருதினால் கிடைக்கவிருந்த வேலையும் கைநழுவும்.

மூன்றாவது ‘லே ஆஃப்’. சந்தாபுராவில் வாழும் நமக்கு இதுவே முதன்மையானது. இங்கிருந்து பெங்களூர் செல்லும் வழியில் பொம்மசந்திராத் தொழிற்பேட்டையும், அதற்கப்பால் எலக்ட்ரானிக் சிட்டியும் உள்ளன. கணினி நிறுவனங்களில் ‘லே ஆஃப்’ என்றால் வேலைநீக்கம் என்றே வழங்குகிறார்கள். தொழிற்சாலைச் சட்டத்திலோ பொருள் வேறு. மின்சாரமின்மை, மூலப்பொருள் பற்றாக்குறை, இயந்திரப் பழுது முதலியவற்றால், பெயர்ப்பட்டியலில் உள்ள தொழிலாளிக்குத் தற்காலிகமாக வேலை கொடுக்க இயலாமையே அது. 1953இல் தொழில் தகராறுச் சட்டத்தில் சேர்ந்த இப்பொருள், 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும் நீடிக்கிறது. நிரந்தர நீக்கத்துக்குச் சட்டம் இட்ட பெயர் ‘ரிட்ரெஞ்ச்மென்ட்’, அதாவது ஆட்குறைப்பு.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியன்று. 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும், பருவகாலத் தொழிலல்லாத ஆலையில், ஓராண்டு தொடர்ந்து உழைத்த தொழிலாளிக்கு, ‘லே ஆஃப்’ நாட்களில் அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இவற்றில் பாதி ஈட்டுத்தொகையாக உண்டு. தற்காலிக ஊழியருக்கும் பதிலி ஊழியருக்கும் இஃது இல்லை. உரிமையுடையவரும் வேலை நாளில் ஒரு முறையேனும் குறித்த நேரத்தில் ஆலைக்கு வந்து நிற்கவேண்டும். வேலையே போயிற்று என்றெண்ணி, மூட்டை கட்டிக்கொண்டு தர்மபுரிக்கோ சேலத்துக்கோ பஸ் ஏறினால் அந்தப் பாதிச் சம்பளமும் போய்விடும்.

ஆகவே அறிவிப்புப் பலகையில் இச்சொல்லைக் கண்டால் கலங்கவேண்டாம். ‘இஸ் திஸ் லே ஆஃப் ஆர் ரிட்ரெஞ்ச்மென்ட்?’ என்று அலுவலகத்தில் பணிவாகக் கேளுங்கள். விடையை எழுத்தில் பெறுங்கள். இம்மூன்று வினைகளையும் வீட்டிலுள்ள பிள்ளைகளோடு வாக்கியங்களில் அமைத்துப் பழகிவாருங்கள். அடுத்த திங்கள் ‘அப்’ என்னும் சொல்லைக் காண்போம்.