கிணற்றில் கரைந்த யூரியாவுக்கும் கணக்கு வேண்டும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கியாறு மாரியில் ஓடும், கோடையில் காய்ந்துவிடும். குடிப்பதும் குளிப்பதும் வெங்காயத்துக்கு இறைப்பதும் பெரும்பாலும் சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் மாரி மழை தேக்கிவைத்த நீரைத்தான். வலிகாமத்துச் செம்மண் மழையைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்கிறது. நிலத்தடி நீர் நிரம்புவது அந்தக் குணத்தால்தான். தோட்டத்துக்குப் போட்ட பசளையும் எருவும் கரைந்து கிணற்றுக்கு இறங்குவதும் அதே குணத்தால்தான்.

இது புதிதாகக் கண்டறிந்த விடயம் அல்ல. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வாளர்கள் 1980களிலிருந்தே எழுதி வருகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய நீரில் பால்மாவைக் கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை இழந்து உடல் நீலம் பாரிக்கலாம். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் போதும் என்று தாய்மார் நம்புகிறார்கள். கிருமிக்கு அது சரி. நைத்திரேற்று கொதித்து ஆவியாவதில்லை. நீர் வற்ற வற்ற அது இன்னும் செறிகிறது. நெருக்கமாக வெட்டிய மலசலகூடக் குழிகளுக்கும் இந்தக் கேட்டில் பங்குண்டு. அதைச் சொல்லித் தோட்டத்தின் பங்கை மறைத்துவிட முடியாது.

ஒரு மூட்டை யூரியா 50 கிலோ. அதில் நைதரசன் 23 கிலோ. பயிர் பாதியை எடுத்து மீதி கீழே இறங்கினால், அது சுமார் 51 கிலோ நைத்திரேற்று ஆகிறது. பத்து இலட்சம் லீற்றர் தூய நீரை வரம்பின் விளிம்புக்குக் கொண்டுபோக அந்த அரை மூட்டை போதும்.

இந்தக் கணக்கைக் காட்டிப் பசளையைத் தடைசெய் என்று நாம் கேட்கவில்லை. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு ஒரே வர்த்தமானியில் நிறுத்தியது. நாடெங்கும் விளைச்சல் விழுந்தது, நவம்பரில் தடை விலகியது. யுத்த காலத்துப் பொருளாதாரத் தடையில் யூரியாவுக்கு ஏங்கிய வடபகுதி விவசாயிக்கு 'தடை' என்ற சொல்லே ஆறாத புண். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு: சாணமும் கோழியெருவும் மண்ணில் மக்கும்போது அதே நைத்திரேற்றைத்தான் தருகின்றன. 'இயற்கைப் பசளை' என்ற பெயரை வைத்துக் கிணறு எதையும் பிரித்துப் பார்ப்பதில்லை. கிணற்றடியில் கொட்டிய எருக்குவியல் மாரி முழுவதும் நனைந்தால், அதன் சாறு போய்ச் சேரும் இடம் அந்தக் கிணறுதான்.

வேண்டியது தடை அல்ல, திட்டம். எந்தப் பயிருக்கு, எந்த நாளில், எவ்வளவு, எந்த மூலத்திலிருந்து என்று தோட்டத்துக்குத் தோட்டம் எழுதிய திட்டம். மண்ணைப் பரிசோதித்துச் சிபாரிசு சொல்லும் வழக்கம் விவசாயத் திணைக்களத்திடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்தச் சிபாரிசுத் துண்டில் கிணறு இல்லை என்பதே எமது குறை. கிணற்று நீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று இருக்கிறது என்று வையுங்கள். ஒரு போகத்துக்கு அரை மீற்றர் உயரத்துக்கு நீர் பாய்ச்சினால், ஒரு பரப்பு நிலத்துக்கு மூன்று கிலோ யூரியாவுக்குச் சமமான நைதரசன் தண்ணீரோடு பாத்திக்குப் போகிறது. காசு கொடுத்து வாங்காத அந்தப் பசளையைக் கழிக்காமல், சிபாரிசு அளவை முழுதாகவும் அதற்கு மேலே 'ஒரு கை' கூடவும் போடுகிறோம். கழித்துப் போட்டால் விவசாயியின் பணம் மிஞ்சும், கிணறும் மெல்லத் தெளியும்.

'ஒரு கை கூட' போடுபவரை நாம் பழிக்கத் தயாரில்லை. குத்தகை நிலம், அடகு வைத்த நகை, எப்போது சரியும் என்று தெரியாத வெங்காய விலை. இத்தனைக்கும் நடுவில் கூடுதல் யூரியா அவருக்கு ஒரு காப்புறுதி. அதைக் கைவிடச் சொல்வதென்றால் அரசும் பொறுப்பை ஏற்க வேண்டும். முதல் இரண்டு போகங்களில் திட்டப்படி குறைத்துப் போட்டு விளைச்சல் குன்றினால் இழப்பீடு தருவது, மானியப் பணத்துக்கு இதைவிட நல்ல செலவு. பசளையைப் பிரித்துப் பிரித்து இடுவதும், கனமழை வரும் வாரத்தில் நிறுத்தி வைப்பதும், எருவைக் கூரையின் கீழ் கிணற்றிலிருந்து எட்ட வைப்பதும் விவசாயியின் பங்கு.

டென்மார்க் இதைச் செய்திருக்கிறது. 1987இல் அங்கு வந்த நீர்ச்சூழல் திட்டத்தைத் தொடர்ந்து, பண்ணைகள் எருவைத் தேக்கி வைக்கவும் பசளைக் கணக்கு எழுதவும் கடமைப்பட்டன. கடலுக்குப் போகும் நைதரசன் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஆண்டுகள் பிடித்தன என்பது உண்மை. எமது சுண்ணக்கல்லில் நீர் விரைவாக ஓடுவதால் கெடுதி விரைவாக வருகிறது. மாரிதோறும் புதுநீர் சேர்வதால் திருந்தவும் வாய்ப்பு உண்டு.

தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. வரவேற்கிறோம். ஆனால் குழாய்நீர் வந்துவிட்டது என்று கிணற்றைக் கைகழுவினால், நாளை தோட்டத்துக்கு எந்த நீரை இறைப்பது? வட மாகாண விவசாயத் திணைக்களம் வரும் மாரிக்கு முன் வலிகாமத்தில் ஒரு பிரதேச செயலகப் பிரிவையாவது தெரிவு செய்யட்டும். அங்கே தோட்டக் கிணறுகளின் நைத்திரேற்றை அளந்து, விவசாயப் போதனாசிரியர் கையால் மண்ணுக்கும் நீருக்கும் சேர்த்து ஒரே துண்டு எழுதிக் கொடுக்கட்டும். வரம்பு மீறிய கிணறுகள் எவையென்று பிரதேச சபை வீட்டுக்காரருக்கு அறிவித்து, கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு அந்த வாரமே வேறு குடிநீர் கொடுக்கட்டும்.